ஆறாத கைவலியும் ஆற்றும் வழிகளும்

நுழையும்முன்

அடிபட்டால் வலிக்கும், புண் ஆறினால் வலியும் ஆறும். இது நாம் அனைவரும் அறிந்த இயற்கை. ஆனால், புண் ஆறிய பின்னும் ஆறாத வலி ஒன்று உண்டு. எலும்பு கூடிவிட்டது, தோல் மூடிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது; வலி மட்டும் வீட்டை விட்டுப் போக மறுக்கும் விருந்தாளியைப் போல் தங்கிவிடுகிறது. அவ்வாறு கையில் தங்கிவிடும் நரம்பு வலியைப் பற்றியும், அதனைத் தணிக்க மருத்துவம் கண்ட வழிகளைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு தாயின் கை

ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே எனத் தொழிற்பேட்டைகள் பல உள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. அவர்களுக்குக் கையே முதல். துணி தைப்பதும், கருங்கல் பலகையை மெருகேற்றுவதும், பெட்டியில் பொருள் அடுக்குவதும் கையால் நடக்கும் வேலைகள்.

அத்தகைய குடும்பத்தில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையற்பொறி இயக்கும் தாய் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். மழைநாளில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிகிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால், வலியோ முன்பைவிடக் கூடுகிறது. கை எரிகிறது, வியர்க்கிறது, ஒருவேளை சிவந்தும் ஒருவேளை நீலம் பாரித்தும் தோன்றுகிறது. முந்தானை உரசினாலும் துடிக்க வைக்கிறது. ஊடுகதிர்ப் படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. “எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று உறவினர் கேட்கின்றனர். அவருக்கு விடை தெரியவில்லை. அவ்விடையை அறிய, முதலில் வலி என்பது யாது என அறிய வேண்டும்.

வலி என்னும் காவலன்

வலி உடலின் பகைவன் அன்று, காவலன். இதனை உலகுக்கு விளக்கிக் காட்டியவர்களுள் ஒருவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த அவர், இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயால் கைவிரல்கள் மடங்கி, குறைந்து, பயனற்றுப் போன மனிதர்களை அங்குக் கண்டார். அந்நோயே விரல்களை அழிக்கிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர்.

பிராண்ட் கூர்ந்து நோக்கினார். பெரியவர்களாலும் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டு ஒன்றை நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்தான். அவன் கையைப் பார்த்தபோது, சாவி அழுத்தி எலும்பு தெரியும்படி விரல் கிழிந்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை. உறங்கும்போது எலிகள் கடிப்பதைக்கூட உணராத நோயாளிகளும் இருந்தனர். நோய் நரம்பின் உணர்வைப் பறித்தது. வலி இல்லாமையால் ஏற்பட்ட காயங்களே விரல்களைப் பறித்தன. இவ்வுண்மையைக் கண்ட பிராண்ட், தசைநாண்களை இடம்மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை வேலூரில் வளர்த்தார். அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சி பெற்றால்தான் இடம்மாறிய தசை புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும். ஆதலால், கத்தியும் பயிற்சியும் அங்கு இணைந்தே நடந்தன.

வலி இல்லாத கை எவ்வளவு இடருக்கு உள்ளாகும் என்பதை வேலூர் காட்டியது. வலி ஓயாத கை எத்தகையது?

காவலன் ஓயாதபோது

திருடன் ஓடிய பின்னும் விடிய விடியக் கூவிக்கொண்டே இருக்கும் காவலனை எண்ணிப் பாருங்கள். வீட்டில் யார் உறங்க முடியும்? மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பர். காயத்தால் எழுந்த வலியைத் தண்டுவடமும் மூளையும் மேன்மேலும் பெருக்கிக் கொண்டே இருந்தால், சிறு தொடுகையும் பெருவலியாக உணரப்படும். ஒலிபெருக்கியின் திருகை யாரோ முற்றிலும் திருப்பிவிட்டதைப் போன்ற நிலை அது.

இவ்வலியை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் சைலாஸ் வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சிதைந்த வீரர்களுக்கு அவர் பிலடெல்பியா நகரில் மருத்துவம் பார்த்தார். காயம் ஆறிய பின்னும் கை தீயாய் எரிவதாக அவர்கள் கூறினர். நனைத்த துணியை எந்நேரமும் கையில் சுற்றிக்கொண்டிருந்தனர். எரிவு, வலி ஆகிய பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘காசால்ஜியா’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார்.

இன்று இத்தகைய நிலை ‘வட்டாரச் சிக்கல் வலித்தொகுதி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. மருத்துவர்கள் அதனை சி.ஆர்.பி.எஸ். எனச் சுருக்கிக் கூறுவர். மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பின் தோன்றுவது மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. நாம் கற்பனை செய்த தாயின் கையில் காணப்பட்ட எரிச்சல், நிறமாற்றம், வியர்வை, தொடுகையைத் தாங்காமை ஆகிய அனைத்தும் இதன் அடையாளங்கள். அவர் நடிக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. ஊடுகதிர்ப் படம் எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது.

கையை ஆளும் நரம்புகள்

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்புகள், தோளருகே பின்னிப் பிணைந்து ஒரு வலையாகின்றன. அவ்வலையிலிருந்து பிரிந்து உள்ளங்கை வரை செல்லும் நரம்புகளுள் மூன்று முதன்மையானவை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் உணர்வை நடு நரம்பு ஏற்கிறது. மோதிரவிரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் அல்நா நரம்பின் பொறுப்பு. புறங்கையின் பெரும்பகுதியையும், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளையும் ஆர நரம்பு கவனிக்கிறது. இவற்றோடு, இரத்தக்குழாய்களைச் சுருக்கி விரிக்கும் பரிவு நரம்புகளும் கைக்கு வருகின்றன. கையின் நிறமும் வெப்பமும் வியர்வையும் மாறுவதற்கு அவையே காரணம்.

எந்த விரலில் வலி என்பதைக் கொண்டே எந்த நரம்பு பாதிக்கப்பட்டது என மருத்துவர் உய்த்துணர்வார். சான்றாக, மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களோடு நடு நரம்பும் ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. அங்கு நெருக்கம் மிகுந்தால் இரவில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். அதற்கு மருத்துவம் வேறு: இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, தேவையானால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் சிறிய அறுவை. நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கு முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். கைவலி எல்லாம் ஒன்றல்ல என்பதை மறவாதீர்கள்.

வலியைச் சொல்லும் சொற்கள்

வலியை அளக்க வெப்பமானி போன்ற கருவி இல்லை. நோயாளியின் சொல்லே கருவி. கனடா நாட்டின் மான்ட்ரியல் நகர அறிஞர் ரொனால்டு மெல்சாக், நோயாளிகள் வலியைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, 1975இல் ஒரு வினாப்படிவம் வெளியிட்டார். எந்தத் தொகுதியின் சொல்லை நோயாளி தேர்கிறாரோ அது வலியின் இயல்பைக் காட்டியது.

தமிழில் அத்தகைய சொற்களுக்குக் குறைவில்லை. உழைத்துக் களைத்த தசையில் உண்டாவது கடுப்பு. எலும்புக்குள் துளைப்பதுபோல் இருப்பது குடைச்சல். சீழ்க்கட்டி ‘விண்விண்’ என்று தெறிக்கும். நரம்பு வலியோ வேறு சொற்களில் பேசும். தீப்பட்டதுபோல் எரிச்சல், மின்சாரம் பாய்ந்ததுபோல் ‘சுரீர்’, எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு, உணர்வு மங்கிய மதமதப்பு, மரத்துப்போதல் ஆகியன அதன் சொற்கள்.

ஆனேக்கல்லில் மருத்துவர் பெரும்பாலும் கன்னடத்தில் வினவுவார். நம் கற்பனைத் தாயுடன் சென்ற மகளிடம், “நோவு ஹேகிதெ?” என்கிறார். “நெருப்புல வெச்ச மாதிரி எரியுது கண்ணு, சேலை பட்டாக்கூட உசுரு போகுது” என்கிறார் தாய். மகள் வெறுமனே ‘கையில் நோவு’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், வலி மாத்திரையோடு திரும்ப நேரலாம். ‘உரி’ என்றும், துணி பட்டாலும் தாங்கவில்லை என்றும், நிறம் மாறுகிறது என்றும் கூறினால் மருத்துவரின் எண்ணம் நரம்பை நோக்கித் திரும்பும். தமிழின் எரிச்சல் கன்னடத்தில் உரி; மரத்துப்போதல் அங்கு மரகட்டுதல்; நோவும் கையும் இரு மொழிக்கும் பொது. அக்காள் தங்கையரான இம்மொழிகள் இரண்டையும் அறிந்த பிள்ளை, அவ்வேளையில் தாய்க்கு நாவாகிறது.

நரம்புத் தடுப்பு ஊசி

பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவர் ஊசி போட்டு ஈறை மரக்கச் செய்வார் அல்லவா? நரம்புத் தடுப்பு ஊசியும் அந்நெறியைச் சார்ந்ததே. 1884இல் வியன்னா நகரில் கார்ல் கொல்லர், கோக்கெயின் கரைசலால் கண்ணை மரக்கச் செய்து அறுவை செய்யலாம் எனக் காட்டினார். கோக்கெயின் தீங்கு மிக்கது, அடிமைப்படுத்துவது. ஆகவே பாதுகாப்பான மருந்துகளை அறிஞர் தேடினர். 1943இல் சுவீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோக்கெயின் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

நரம்பில் செய்தி சிறு மின்துடிப்பாகச் செல்கிறது. சோடியம் அயனிகள் நரம்பிழையின் நுண்வாயில்கள் வழியே உள்ளே பாய்வதால் அத்துடிப்பு எழுகிறது. லிடோக்கெயின் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. வாயில் அடைபட்டால் துடிப்பு இல்லை. துடிப்பு இல்லையேல் வலிச்செய்தி மூளையை எட்டாது. சில மணிநேரத்தில் மருந்து கரைந்து நீங்க, வாயில்கள் மீண்டும் திறக்கும்.

கைவலிக்கு இரண்டு இடங்களில் இவ்வூசி போடுவதுண்டு. ஒன்று, தோளருகே உள்ள நரம்பு வலையைச் சுற்றி. மற்றொன்று, கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள விண்மீன் வடிவ நரம்பு முடிச்சின் அருகே. கைக்குச் செல்லும் பரிவு நரம்புகள் அம்முடிச்சின் வழியே செல்கின்றன. ஊசி உரிய இடத்தில் பட்டால் கை வெதுவெதுப்பாகும், அப்பக்கத்து இமை சற்றே தாழும், கண்மணி சுருங்கும், குரல் சிறிது கம்மவும் கூடும். இவை சில மணிநேரத்தில் மறையும் அடையாளங்கள்.

கழுத்தில் பெரிய இரத்தக்குழாய்களும் மூச்சுக்குழலும் நெருங்கி உள்ளன. ஆதலால், பயிற்சி பெற்ற வலி மருத்துவரே, மீயொலிப் படக்கருவியில் ஊசியின் போக்கைப் பார்த்தவாறு, அவசர உதவி உள்ள மருத்துவமனையில் இதைச் செய்ய வேண்டும். இவ்வூசி எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. சிலருக்கு வலி நெடுநாள் அடங்குகிறது. சிலருக்குச் சில மணிநேரமே. சிலருக்குப் பயனே இல்லாமலும் போகிறது. நீடித்த பயனுக்கு ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவே.

அப்படியானால் எதற்காக இந்த ஊசி? அது கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே நடந்து செல்ல வேண்டியது நோயாளிதான். வலிக்கு அஞ்சி அசைக்காத கை விறைக்கிறது. விறைத்த கை அசைத்தால் மேலும் வலிக்கிறது. வலிக்கவே மேலும் அசைக்க அஞ்சுகிறார். இச்சுழலை அறுக்க, வலி அடங்கிய அவ்வேளை வாய்ப்பாகிறது. அப்போது நடப்பதே இயன்முறை மருத்துவம்.

இயன்முறை மருத்துவம்

மக்கள் பிசியோதெரபி என்று வழங்கும் இம்மருத்துவத்தின் முதற்படி, தொடுகையைப் பழக்குதல். பஞ்சு, பட்டுத்துணி, பருத்தித்துணி, துவாலை என மென்மையானதில் தொடங்கிச் சொரசொரப்பானது வரை, நாள்தோறும் பலமுறை, சிறிது நேரம் கையில் தடவச் செய்வர். அரிசி நிறைந்த பாத்திரத்துள் கையை விட்டு அளையச் செய்வதும் உண்டு. தொடுகை தீங்கன்று என்பதை மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது.

முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி குறைகிறது. ஏன்? 1965இல் மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்பவரும் இதற்கு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் ஒரு கதவு உள்ளது போலவும், தொடுகைச் செய்தி நிறைய வந்தால் அக்கதவு வலிச்செய்திக்குச் சாத்திக்கொள்வது போலவும் அவர்கள் உருவகித்தனர். ‘கதவுக் கோட்பாடு’ எனப்படும் இது வலி பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றியது.

இரண்டாம் படி, அசைவு. விரல்களை மடக்கி நீட்டுதல், மணிக்கட்டைச் சுழற்றுதல், மேசையைத் துணியால் அழுத்தித் துடைத்தல், சிறு பையைத் தூக்கி நடத்தல் எனப் பயிற்சி வளரும். ஒரே நாளில் மலையேற முயலக் கூடாது. நேற்றைவிட இன்று சிறிது என்பதே அளவு. பிறர் பிடித்து வலிய முறுக்குவதும், அழுத்தி எண்ணெய் நீவுவதும் நோயைக் கூட்டிவிடும். அவ்வாறே, வலிக்கிறதே என்று கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டு மறந்துவிடுவதும் தவறு.

கண்ணாடியில் தெரியும் கை

மூன்றாம் வழி வியப்பானது. அதன் பின்னணியில் தமிழ்நாட்டில் பிறந்த ஓர் அறிஞர் உள்ளார். வி. எஸ். இராமச்சந்திரன் 1951இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நரம்பியல் ஆய்வாளரானார். கையை இழந்தவர்கள் சிலர், இல்லாத அக்கை இன்னும் இருப்பதாகவும், இறுக மூடிய அதன் விரல்நகங்கள் உள்ளங்கையில் குத்துவதாகவும் கூறினர். இல்லாத கையை எவ்வாறு விரிப்பது?

1990களில் இராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நலமான கையைக் கண்ணாடியின் முன் நீட்டினால், அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தோன்றும். நலமான கையை விரித்தால், இழந்த கையும் விரிவதாகக் கண் காணும். அவ்வாறு கண்ட சிலருக்கு வலி தணிந்தது. வலியில் மூளைக்கு உள்ள பங்கு எவ்வளவு பெரிது என்பதை, விலை குறைந்த ஒரு கண்ணாடி விளக்கிவிட்டது.

பின்னர் இம்முறை சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளுக்கும் பயன்படலாயிற்று. 2003இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நோய் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி நன்கு உதவியது. ஆண்டுக்கணக்கில் நோயுற்றவர்களுக்கு உதவவில்லை. காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

வீட்டார் கடமை

நாட்பட்ட வலியால் துன்புறுபவருக்கு முதல் மருந்து நம்பிக்கை. அவர் சொல்வதை வீட்டார் நம்ப வேண்டும். அடுத்தது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்கித் தருதல். குடம் தூக்குவதையும் துணி பிழிவதையும் பிள்ளைகள் ஏற்கலாம். எனினும் எல்லா வேலையையும் பறித்துவிடலாகாது, பயன்படுத்தும் கையே தேறும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் மருத்துவ வசதி உண்டு. வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டு உரிமையும் உண்டு. அவ்வட்டையையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஓர் உறையில் பத்திரமாக வைப்பது பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி.

கை முழுதும் பழைய நிலையை அடையும் என்று எல்லோருக்கும் உறுதி கூற இயலாது. ஆயினும், ஊசியும் பயிற்சியும் பொறுமையும் கூடினால் பலர் மீண்டும் கரண்டி பிடிக்கின்றனர், தலை பின்னுகின்றனர், வேலைக்குத் திரும்புகின்றனர். நம் கற்பனைத் தாயும் ஒருநாள் தன் மகளின் கூந்தலைப் பின்னி முடிப்பார். பின்னல் சற்றுத் தளர்வாக இருக்கலாம். மகள் அதை அவிழ்க்காமல் அப்படியே பள்ளிக்குச் செல்வாள்.

அருஞ்சொற்பொருள்

நாட்பட்ட – நெடுநாள் நீடித்த
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் நார்
ஊடுகதிர்ப் படம் – எக்ஸ்ரே படம்
மீயொலி – செவிக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலி
உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்
அளைதல் – கையால் கலந்து துழாவுதல்

விடை எழுதுக

1. ‘வலி உடலின் காவலன்’ என்பதை வேலூர் நிகழ்வு கொண்டு விளக்குக.
2. நரம்புத் தடுப்பு ஊசியைக் ‘கதவைத் திறப்பது’ என்று பாடம் கூறுவது ஏன்?
3. கடுப்பு, குடைச்சல், எரிச்சல், மதமதப்பு ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.
4. செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வலியைக் குறிக்க வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொன்றுக்கும் நிகரான கன்னடச் சொல்லை நண்பரிடம் கேட்டு அருகில் தமிழ் எழுத்தில் எழுதுக.